பூண்டதும் பூட்டியதும்

அசைவைத் தடுப்பதற்கு ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உண்டு. ஆனாலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் என நீண்டு, தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலை வட்டாரத்தின் பேச்சுத் தமிழுக்குள் ‘லாக்’ அளவுக்கு ஆழமாக இறங்கிய சொல்லைக் காண்பது அரிது. பென்னலூரில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியின் வகுப்பறையில் அது ஒரு கலைச்சொல். கார் ஆலையின் இணைப்பு வரிசையில் கதவு சரியாகப் பொருந்தியதை அறிவிக்கும் ஓசை. பராமரிப்புப் பிரிவின் சுவரில் வரிசையாகத் தொங்கும் சிவப்புப் பூட்டு. தொழிற்சங்கத்தின் துண்டறிக்கையில் சாத்தப்பட்ட வாயிற்கதவு. 2020ஆம் ஆண்டை நினைப்பவர்களுக்கு விடுதி அறை.

இத்தனை இடங்களில் புழங்கும் சொல்லை ஆராயப் புகுபவர் முதலில் அதன் இலக்கண நடத்தையைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘லாக்’ என்னும் வினை ஒருவர் சக்கரத்தைப் பூட்டுவதற்கும் சக்கரம் தானே சிக்கி நிற்பதற்கும் வடிவம் மாறாமல் வருகிறது. செய்தவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல் ஒன்றே. தமிழில் நிலைமை வேறு. ‘உண்’ என்பதிலிருந்து ‘ஊட்டு’ என்பதும், ‘காண்’ என்பதிலிருந்து ‘காட்டு’ என்பதும் பிறந்ததைப் போல, ‘பூண்’ என்னும் தன்வினையிலிருந்து பிறந்த பிறவினையே ‘பூட்டு’. நோன்பு பூண்பவரும் துறவு பூண்பவரும் தாமே ஏற்கிறார்கள். விலங்கு பூட்டப்படுபவருக்கு எதிரிலோ பூட்டுகிறவர் ஒருவர் நிற்கிறார், அவரை விட்டுவிட்டு அந்த வினையைச் சொல்ல முடியாது. கடன் வாங்கிய ஆங்கிலச் சொல்லிலும் ஆலைத் தமிழ் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது வியக்கத்தக்கது: ‘லாக் ஆயிடுச்சு’ என்பது ஒன்று, ‘லாக் பண்ணு’ என்பது வேறொன்று. ‘ஆகு’, ‘பண்ணு’ என்னும் இரண்டு துணைவினைகளைக் கொண்டு, ஆங்கிலம் ஒன்றாகக் கலந்து வைத்ததைத் தொழிலாளரின் வாய் மறுபடியும் பிரித்துக்கொண்டது.

தமிழ்ப் ‘பூட்டு’க்கு இன்னொரு இயல்பும் உண்டு. அது அசைவை நிறுத்துவதை மட்டும் குறிப்பதில்லை. மாட்டை ஏரில் பூட்டினால்தான் உழவு நடக்கும், வண்டியில் பூட்டினால்தான் பயணம் தொடங்கும், வில்லில் நாணைப் பூட்டினால்தான் அம்பு பறக்கும். சித்திரையில் ஆண்டின் முதல் உழவைத் தொடங்குவதற்குப் பொன்னேர் பூட்டுதல் என்று பெயர்; மணமேடையில் தாலி அணிவிப்பதைத் திருப்பூட்டுதல் என்று வழங்கும் சமூகங்களும் உண்டு. ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் செய்த ஊர்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டைகள் அமைப்பதற்கு முன்னால், ‘பூட்டியாச்சா’ என்ற கேள்வி பெரும்பாலும் மாட்டைப் பற்றியதாகவே இருந்திருக்கும். ஆங்கிலச் சொல்லின் வேர் அடைப்பையும் தாழையும் குறித்தது என்பர். ஆனால் அதுவும் அங்கேயே நின்றுவிடவில்லை. துப்பாக்கியில் வெடியைத் தூண்டும் பொறிக்கும், பக்கிங்ஹாம் கால்வாயில் இருந்ததைப் போல நீர்மட்டத்தை அடைத்து உயர்த்தியும் தாழ்த்தியும் படகைக் கடத்திவிடும் மதகுக்கும் அந்தப் பெயரே அமைந்தது. ஓர் இயக்கத்தை நடத்திக்கொள்வதற்காக இன்னோர் இயக்கத்தை நிறுத்திப் பிடிப்பது என்று இதன் பொருளை வகுத்துக்கொண்டால், இயந்திரத் தொழிலில் இச்சொல் ஏன் இவ்வளவு பெருகியது என்பது விளங்கும்.

பட்டறையில் அதன் கிளைகளை எண்ணி முடியாது. அதிர்வில் மறை தளராமலிருக்க அதன்மேல் இறுக்கப்படும் இரண்டாவது மறை ‘செக் நட்’ அல்லது ‘லாக் நட்’. பிஸ்டன் பின் பக்கவாட்டில் நழுவாமலிருக்கக் காடியில் பொருத்தப்படும் வளையத்தை மெக்கானிக்குகள் வெறுமனே ‘லாக்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். திசைமாற்றி ஒரு பக்கம் போகக்கூடிய கடைசி எல்லையும் ‘லாக்’தான், கொள்கலன் லாரியைக் குறுகிய வாயிலில் திருப்பும் ஓட்டுநரிடம் ‘ஃபுல்லா ஒடி’ என்று கிளீனர் குரல் கொடுப்பது அந்த எல்லையைத் தொடச் சொல்வதே.

சக்கரம் ‘லாக்’ ஆவது இவற்றிலிருந்து வேறுபட்டது, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓடும் வண்டியில் பிரேக்கை முழு வலுவோடு அழுத்தினால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். ஆனால் வண்டி நிற்காது, சுழலாத சக்கரத்தோடு சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். உருளும் டயரின் அடிப்பகுதி தரையைப் பற்றிக்கொண்டிருக்கிறது; வழுக்கும் டயருக்கு அந்தப் பிடிப்புக் குறைவு. ஆகவே நிறுத்தத் தொலைவு பெரும்பாலும் கூடுவதோடு, திசைமாற்றியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, இருசக்கர வாகனமாக இருந்தால் சாய்ந்து விழும். சக்கரத்தின் வேகத்தை உணரிகள் மூலம் அளந்து, அது சிக்கப்போகும் தறுவாயில் பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தியும் இறுக்கியும் காக்கும் ஏற்பாடுதான் ‘ஆன்டி லாக்’ பிரேக். 1978இல் ஜெர்மனியில் சொகுசுக் கார்களில் வந்த அந்த ஏற்பாடு, 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா மோட்டார் சைக்கிள்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளும் அதற்கு உட்பட்டவையே. ஓர் உறுப்பின் அசைவை அடக்கிவிட்டால் முழுமையின் அசைவும் அடங்கிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்தப் பொறியும் காட்டுவதில்லை.

‘லாக் அவுட்’ என்னும் கூட்டுச்சொல்லுக்கு வந்தால், ஒரே ஆலை வளாகத்துக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு பொருள்கள் குடியிருப்பதைக் காணலாம். முதலாவது பாதுகாப்புத் துறையின் ‘லாக் அவுட் – டேக் அவுட்’. பழுது பார்க்கும்போதோ, அச்சுகளை மாற்றும்போதோ, துப்புரவு செய்யும்போதோ இயந்திரம் எதிர்பாராமல் இயங்கிவிடக் கூடாது என்பதற்காக, அதற்கு ஆற்றல் வரும் வழிகள் அனைத்தையும் துண்டித்து, துண்டித்த இடத்திலேயே பூட்டுப் போட்டு, ஆள் வேலையில் இருக்கிறார் என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடும் முறை அது. அமெரிக்காவில் 1989இல் விதியாக வகுக்கப்பட்டு, பன்னாட்டு நிறுவனங்கள் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது.

மின்சாரத்தை நிறுத்தினால் இயந்திரம் செத்துவிட்டது என்று நம்புவது பலரது விரல்களையும் சிலரது உயிரையும் கொண்டுபோன நம்பிக்கை. தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ்ஸில், மின்சாரம் போன பிறகும், மேலே நிறுத்தப்பட்ட கனமான ராம் தன் எடையாலேயே இறங்கக்கூடும். ஆகவே அதன் அடியில் முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் கையை உள்ளே நீட்ட வேண்டும். குழாயில் தங்கிய காற்றழுத்தம், ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம், அமுங்கிய ஸ்பிரிங், மின்தேக்கியில் எஞ்சிய மின்னூட்டம் ஆகிய ஒவ்வொன்றும் உறங்குவது போலத் தோன்றும் விசை. அவை அனைத்தையும் வெளியேற்றிய பிறகு, இயக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்து, இயங்கவில்லை என்பதைக் கண்ணால் கண்ட பின்பே வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறது முறை. பூட்டுவதோடு முடியாமல், பூட்டியதைச் சோதிப்பதும் இந்த வினைக்குள் அடங்கும்.

இதன் உயிர்நாடி சாவியில் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி, அந்தச் சாவி அந்த ஆளின் சட்டைப்பையில். ஆறு பேர் ஓர் இயந்திரத்தில் வேலை செய்தால், பல துளைகள் கொண்ட கொக்கி ஒன்றில் ஆறு பேரும் தத்தம் பூட்டை மாட்டுகிறார்கள். ஐந்து பூட்டுகள் கழன்றாலும் ஆறாவது ஆள் வெளியே வரும்வரை இயந்திரம் அசையாது. உற்பத்தி இலக்குக்காகப் பொறுமையிழந்து நிற்கும் மேலாளருக்கும், ஷிப்டு மாறி உள்ளே வரும் மேற்பார்வையாளருக்கும் அதைத் திறக்க உரிமை இல்லை. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வெல்டிங் ரோபோவின் வேலிக்குள் துப்புரவு செய்யப் போகும் ஒருவர் தம் கையளவுப் பூட்டால் அந்த ரோபோவையும் வரிசையையும் நிறுத்திவைக்கிறார் என்றால், ஆலைக்குள் அவருக்கு இருக்கும் அதிகாரங்களிலேயே பெரியது அதுவே எனலாம். பூண்பவரும் பூட்டுபவரும் இங்கே ஒருவராகிவிடுகிறார்கள்.

இரண்டாவது ‘லாக் அவுட்’ தொழில் தகராறுச் சட்டத்தினுடையது. தமிழ் இதழ்கள் அதைக் கதவடைப்பு என்று அழகாகவும் சரியாகவும் பெயர்த்தன. முதலாளி வேலைத்தலத்தைத் தற்காலிகமாக மூடுவது, வேலையை நிறுத்திவைப்பது, அல்லது தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து வேலை தர மறுப்பது என்று 1947ஆம் ஆண்டின் சட்டம் அதன் 2(எல்) பிரிவில் அதை வரையறுத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்பும் ஏறக்குறைய அதே வரையறையைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு, வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. தொழிலாளர் வேலையை நிறுத்துவதும் முதலாளி வேலையை மறுப்பதும் தராசின் இரு தட்டுகள் என்ற எண்ணம் சட்டத்தின் அமைப்பில் தெரிகிறது. ஆனால் வேலைநிறுத்தம் செய்பவர் பிடித்து வைப்பது தம் உழைப்பை. கதவை அடைப்பவர் பிடித்து வைப்பது பிறருடைய கூலியை. இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுப்பது நியாயமாகாது.

சென்னை இந்தச் சொல்லை வெகு முன்பே கற்றுக்கொண்டது. 1918இல் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தோன்றி, திரு.வி.க.வின் உழைப்பால் வளர்ந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் கதவடைப்பைச் சந்தித்தது. 1920இன் இறுதியில் பக்கிங்ஹாம் ஆலை மூடப்பட்டிருந்த நாள்களில் நிறுவனம் உயர்நீதிமன்றத்தை அணுகி, வாடியா முதலானோர் தொழிலாளர்களைப் பணி ஒப்பந்தத்தை மீறத் தூண்டக் கூடாது என்று தடையாணை பெற்றது. ஆலைக் கதவு தொழிலாளரைத் தடுத்தது, நீதிமன்ற ஆணை தலைவர்களின் நாவைத் தடுத்தது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை அந்த வழக்கு நாடு முழுவதற்கும் உணர்த்தியது. அந்த உணர்வு 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறக்க வழிசெய்தது. அந்தச் சட்டத்தின்கீழ்த் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யவும், நிர்வாகம் அதை ஏற்கவும் கோரித்தான் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று.

கதவை ஆலை முதலாளி அடைக்காமலே ஆலை பூட்டிக்கொண்டதும் இந்த வட்டாரத்தில் நடந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, வளர்ச்சியின் உச்சத்தில் ஏறக்குறைய 8,000 பேருக்கு நேரடியாக வேலை தந்தது. 2013இல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி நிலுவையைக் கோரி, அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனத்தின் இந்தியச் சொத்துகளை முடக்கியது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2014 ஏப்ரல் 25 அன்று அந்த விற்பனை நிறைவேறியபோது, வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. சட்டத்தின் சொற்களில் அது கதவடைப்பும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. வரித்துறை சொத்தைத்தான் பூட்டியது, வாங்கியவர் வாங்காமல் விட்டார், விற்றவர் ஒப்பந்தம் இல்லாத ஆலையை நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் தாம் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது, பொத்தான் கைப்பேசிகளைப் பொருத்தித் தேர்ந்த இளம்பெண்களுக்கு மட்டும் ‘லாக் ஆயிடுச்சு’ என்ற செய்தவரில்லாத வாக்கியமே மிஞ்சியது. பல ஆண்டுகள் கழித்து அவ்வளாகம் சால்காம்ப் நிறுவனத்தின் கைக்குப் போய் மறுபடி இயங்கத் தொடங்கியது. ஆனால் வீடு திரும்பியவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டுவதே இந்த வினையின் மிகக் கொடிய பயன்பாடு. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீப்பிடித்தபோது வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது. ஒருவர் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் மறிப்பதை ஒரு குற்றமாகவும், நாற்புறமும் எல்லை வகுத்து அதற்குள் அடைப்பதை அதனினும் பெரிய குற்றமாகவும் குற்றவியல் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகள் அவை. மறிப்பதற்கும் அடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெண் தொழிலாளர் விடுதிகளின் இரவுக் கதவுகளை ஆய்வு செய்பவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

‘மறி’ என்ற வினையைச் சொன்னதும் தமிழின் இரண்டு கரைகள் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் மறியல் என்றால் மக்கள் சாலையில் அமர்ந்து போக்குவரத்தைத் தடுப்பது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி உணவால் நோயுற்றவர்களின் கதி தெரியாமல், அவர்களுடைய தோழிகள் இந்தச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து செய்தது மறியல். இலங்கைத் தமிழிலோ மறியல் என்றால் சிறை. விசாரணைக் கைதி வைக்கப்படுவது விளக்கமறியலில். ஒரு கரையில் எளியவர் வலியவரைத் தடுக்கிறார், மறு கரையில் அரசு ஆளைத் தடுக்கிறது. சொல் ஒன்று, செய்பவர் வேறு. சாவியைத் ‘திறப்பு’ என்று வழங்குவதும் அதே இலங்கைத் தமிழ்தான். போர்த்துகீசியம் தந்த ‘சாவி’ கருவியின் பெயராக மட்டும் நிற்க, ‘திறப்பு’ அந்தக் கருவியின் கடமையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

‘லாக்டவுன்’ பற்றி நீளப் பேசத் தேவையில்லை. அமெரிக்கச் சிறைகளில் கைதிகளை அறைகளுக்குள் அடைத்து வைக்கும் நடவடிக்கைக்கு 1970களில் வழங்கிய சொல், 2020 மார்ச் 25 முதல் இந்தியா முழுவதற்கும் பொருந்தியது. தமிழ் இதழ்கள் ஊரடங்கு என்றும் பொதுமுடக்கம் என்றும் எழுதின. ஊர் தானாக அடங்குவது போன்ற ஓர் அமைதி முதல் சொல்லில் இருக்கிறது. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் அசாமுக்கும் போக வழியின்றி ஒரகடத்து வாடகை அறைகளில் கூலியின்றித் தங்கியிருந்தவர்களின் நிலையை இரண்டாவது சொல்லே உண்மையாகச் சொல்லியது.

இத்தனை பொருள்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், ‘லாக்’ என்ற வினை வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தேட வேண்டியது சாவி யாரிடம் இருக்கிறது என்பதையே. கதவடைப்பிலும் சொத்து முடக்கத்திலும் பொதுமுடக்கத்திலும் அது பாதிக்கப்படுபவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. ஆபத்தில் கை வைப்பவரிடமே சாவியை ஒப்படைத்த பயன்பாடு, பராமரிப்புப் பிரிவின் அந்தச் சிவப்புப் பூட்டு ஒன்றே. அதனால்தான் அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எல்) பிரிவு கதவடைப்பை வரையறுத்ததைப் போலவே, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலும் ஒரு 2(எல்) பிரிவு இருந்தது; அது வரையறுத்தது தொழிலாளர் யார் என்பதை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தொழிலாளரே என்று அப்பிரிவு ஐயமின்றிச் சொல்லியது. தற்செயலாக இயங்கிவிடக்கூடிய விசைத் துண்டிப்பானை நிறுத்திய நிலையிலேயே பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நிரந்தரப் பணியாளரின் பெயர் பொறித்த பூட்டுக்குப் பக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளரின் பூட்டும் பயிற்சியாளரின் பூட்டும் தொங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள முடியாது; அவற்றின் அட்டைகள் அவரவர் படிக்கக்கூடிய மொழியில், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும், எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மொழியின் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் ‘மெஷின் லாக் ஆகவில்லை’ என்று எழுதி முடிப்பது, செய்ய வேண்டியவரை வாக்கியத்திலிருந்து அப்புறப்படுத்திவிடுகிறது. யார் பூட்டியிருக்க வேண்டும், அவருக்குப் பூட்டு கொடுக்கப்பட்டிருந்ததா, பூட்ட நேரம் தரப்பட்டதா என்ற மூன்று கேள்விகளும் அந்த ‘ஆகவில்லை’யில் புதைந்துபோகின்றன. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்களும், தொழிற்சங்கப் பொறுப்பாளர்களும், பென்னலூர்க் கல்லூரியில் படித்து இந்த ஆலைகளில் பொறியாளராகச் சேரும் இளைஞர்களும் அந்த வாக்கியத்தைக் கண்ட இடத்தில் ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். எழுவாயோடு எழுதி வாங்க வேண்டும்.